சாவிய வாங்கிட்டு அக்கறைய கேட்டா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஆட்டோமேஷன் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. எத்தனை வேலை போகும், எத்தனை புதுசா வரும்ங்கற கணக்கெல்லாம் போட்டிருந்தீங்க, அதுல எனக்கு ஒண்ணும் சண்டை இல்ல. ஆனா கடைசிப் பத்தியில, இப்ப இருக்குற ஆளுங்களுக்கு, அதுலயும் சின்னப் பசங்களுக்கு, வேலையில அக்கறையே இல்ல, எல்லாத்தையும் மிஷின் பார்த்துக்கும்னு உட்கார்ந்துடறாங்கன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தீங்க. அந்த வரி மூணு நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். நீளமா போனா மன்னிச்சுக்கோங்க, குறைச்சு போடணும்னா போடுங்க, ஆனா அந்த சாவி விஷயத்த மட்டும் எடுத்துடாதீங்க.

நான் 27 வருஷமா மெஷின் ஷாப்ல இருக்கேன். கை லேத்துல (இரும்ப சுத்தவிட்டு கடையற மிஷின்) ஆரம்பிச்சு, சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ப்ரோகிராம் படி வெட்டற மிஷினுக்கு ஆபரேட்டராகி, இப்ப ஒரு செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். எனக்கு வேலை கத்துக்குடுத்த அண்ணன் முதல் ஒரு மாசம் கைப்பிடிய தொடவே விடல, பக்கத்துல நில்லு, கேளுன்னு மட்டும்தான் சொல்லுவாரு. டூல் நல்லா வெட்டும்போது ஒரு சத்தம், மழுங்க ஆரம்பிச்சா வேற சத்தம், ஜாப், அதாவது வெட்டற உருப்படி, சரியா பிடிக்காம இருந்தா அது ஒரு மாதிரி அதிரும். உதிர்ற இரும்புச் சுருள் வைக்கோல் நிறத்துல வந்தா ஓகே, நீலமா மாறுனா சூடு ஏறுதுன்னு அர்த்தம், வேகத்த குறை. இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் படிச்சு வந்தது இல்ல, காதுல விழுந்து விழுந்து வந்தது. ஒரு ஷாஃப்ட்ட முடிச்சு மைக்ரோமீட்டர்ல வச்சு அளவு கரெக்ட்டா உட்காரும்போது வர்ற நிம்மதி இருக்கே, அது மாசக் கடைசியில சம்பளம் வரும்போது கூட வராது.

அப்புறம் சிஎன்சி வந்துச்சு. எல்லாரும் நினைக்கிற மாதிரி எங்களுக்கு அது பிடிக்காம இல்ல, உண்மையிலயே பிடிச்சிருந்துச்சு. 18 கிலோ உருப்படிய ஷிஃப்ட்டுக்கு நூறு தடவை தூக்கி மாட்டுன முதுகுக்குத்தான் அதோட அருமை தெரியும். அதுவும் இல்லாம அந்தக் காலத்துல ப்ரோகிராம் எங்க கையில இருந்துச்சு. டூல் கொஞ்சம் தேய்ஞ்சா நாமளே ஆஃப்செட் (தேய்மானத்துக்கு ஏத்த மாதிரி டூல நகர்த்தற அளவு) மாத்துவோம், சத்தம் சரியில்லன்னா ஃபீட், அதாவது டூல் முன்னேறுற வேகத்த குறைப்போம், ஒரு ஜாப்புல ரெண்டு செகண்ட் மிச்சம் பண்ணிட்டா பக்கத்து மிஷின்காரன கூப்பிட்டு காட்டுவோம். மிஷின் வேலை செஞ்சாலும் அது நம்ம வேலையாத்தான் இருந்துச்சு.

சிஎன்சி பேனல்ல ஒரு சின்ன சாவி இருக்கும். அத திருப்புனாத்தான் ப்ரோகிராம திருத்த முடியும். ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து வந்து எல்லா மிஷின்லயும் அந்த சாவிய எடுத்துட்டு போயிட்டாங்க. ஆளாளுக்கு மாத்தறதால அளவு ஒரே சீரா வரமாட்டேங்குதுன்னு காரணம் சொன்னாங்க, அதுல கொஞ்சம் நியாயமும் இருக்கு, இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்கப்புறம் ஆறு மாசத்துல எங்க செக்‌ஷன்ல நடந்த மாற்றத்த நான் கண்ணால பார்த்தேன். முதல்ல பேச்சு நின்னுச்சு. டீ குடிக்கும்போது டூல் பத்தி, மெட்டீரியல் பத்தி பேசிக்கிட்டிருந்தவங்க பேசறதில்ல. அப்புறம் மிஷின் பக்கத்துல நிக்கிறது போய் தள்ளி நிக்கிறது வந்துச்சு. அப்புறம் "நமக்கென்ன" வந்துச்சு. இத்தனைக்கும் ஆளுங்க அதே ஆளுங்க, ஒருத்தர் கூட மாறல. அப்ப புது பசங்கன்னு எங்க செக்‌ஷன்ல யாருமே இல்ல.

சின்னப் பசங்கள குறை சொல்றது புதுசு இல்ல. 1913-ல ஃபோர்டு கம்பெனி நகர்ற அசெம்பிளி லைன கொண்டுவந்துச்சு, ஒரு காரோட அடிச்சட்டத்த பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல ஆனது அடுத்த வருஷமே ஒன்றரை மணி நேரமா சுருங்கிடுச்சு. அதே 1913-ல அங்க வேலைய விட்டு போனவங்க கணக்கு 370 சதவீதம், அதாவது ஒரு இடத்துல ஆள நிறுத்தி வைக்க வருஷத்துக்கு மூணு நாலு பேர எடுக்க வேண்டியிருந்துச்சு. அடுத்த ஜனவரியில நாளுக்கு 5 டாலர்னு கூலிய கிட்டத்தட்ட ரெண்டு மடங்காக்குனதுக்கு இதுதான் ஒரு முக்கிய காரணம். அங்க வேலைய விட்டு ஓடுனவங்க சோம்பேறிங்களா? அவங்கள்ல பலபேர் அதுக்கு முன்னாடி ஒரு வேலைய முழுசா செஞ்சு பழகுனவங்க, ஒரே நட்ட நாள் முழுக்க முடுக்கிட்டு நிக்க மனசு ஒப்பல. காசு குடுத்து ஆள ஃபேக்டரிக்குள்ள நிறுத்திட்டாங்க, சரி. ஆனா அந்த 5 டாலர் எதுக்கு ஈடா குடுத்ததுன்னு யோசிச்சுப் பாருங்க.

1972-ல அமெரிக்காவுல ஓஹையோவுல லார்ட்ஸ்டவுன்ங்கற ஊர்ல ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையில ஸ்ட்ரைக் நடந்துச்சு. அந்த நேரத்துல அது ரொம்ப நவீனமான பிளான்ட், வெல்டிங்குக்கு ரோபோ வச்சிருந்தாங்க, மணிக்கு 100 கார் கணக்குல லைன் ஓடும், ஒரு ஆளுக்கு ஒரு காருக்கு 36 செகண்ட்தான். வேலை செஞ்சவங்க பெரும்பாலும் இளைஞர்கள். அப்பவும் பலபேர் இந்தத் தலைமுறைக்கு உழைக்க மனசில்லன்னுதான் பேசுனாங்க. ஆனா அங்க சண்டை முக்கியமா சம்பளத்துக்கு இல்ல, வேகத்துக்கும் ஆள் குறைப்புக்கும் எதிராத்தான். இப்ப அந்தப் பசங்களே 70 வயச தாண்டியிருப்பாங்க, நாம இன்னும் அதே வசனத்த பேசிக்கிட்டிருக்கோம்.

இப்ப எங்க செக்‌ஷன்ல நடந்த ஒரு விஷயம் சொல்றேன், இதுக்காகத்தான் இந்த லெட்டரே. ரோபோ கை உருப்படிய எடுத்து மாட்டும், மிஷின் வெட்டும், ஆட்டோ கேஜ் அளந்து பார்க்கும், ஸ்கிரீன்ல பச்சை விழுந்தா அடுத்தது. ஆபரேட்டர் வேலை ஸ்கிரீன பார்க்கறது, அலாரம் வந்தா ரீசெட் அடிக்கறது, அவ்வளவுதான். ஒரு பேரிங் உட்கார்ற துளை, ஒரு இன்சர்ட்டுக்கு (டூல் நுனியில மாட்டற சின்ன வெட்டுத் துண்டு) இத்தனை பீஸ்னு கவுண்டர் போட்டு வச்சிருந்தோம். அந்தத் தடவை வந்த மெட்டீரியல் கொஞ்சம் கடினம் போல, இன்சர்ட் முனை பாதியிலயே உடைஞ்சிருக்கு. ஆட்டோ கேஜ் விட்டத்த மட்டும்தான் அளக்கும், விட்டம் எல்லைக்குள்ளதான் இருந்துச்சு, அதனால பச்சை பச்சைன்னு போய்க்கிட்டே இருந்திருக்கு. ஆனா உள்ள மேல்பரப்பு முழுக்க கீறல். அறுநூறு பீஸ் கஸ்டமர்கிட்ட போய் திரும்பி வந்துச்சு.

அந்த ஷிஃப்ட்ல நின்னது 23 வயசுப் பையன். எனக்கு கோவம் தலைக்கேறிடுச்சு. ஏண்டா தம்பி, இன்சர்ட் உடைஞ்சா எப்படி கத்தியிருக்கும், உனக்கு காது கேக்கலியான்னு கேட்டேன். அவன் தலைய குனிஞ்சுக்கிட்டு மெதுவா சொன்னான், "கேட்டுச்சு அண்ணே." எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணுமே ஓடல. கேட்டுச்சா, அப்புறம் ஏன் நிறுத்தலன்னேன். "போன மாசம் இதே மாதிரி சத்தம் வந்துச்சுன்னு நிறுத்துனேன் அண்ணே, பார்த்தா ஒண்ணும் இல்ல. 11 நிமிஷம் டவுன்டைம், மிஷின் சும்மா நின்ன நேரம்னு என் பேர்ல ஏறிடுச்சு, ரிப்போர்ட்ல என் வரி மட்டும் சிவப்பா வந்துச்சு, மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. ஸ்கிரீன்ல பச்சையா இருக்கும்போது நீ யாரு நிறுத்தன்னு கேட்டாங்க. அப்புறம் நான் எதுக்கு அண்ணே?"

அந்த மீட்டிங்ல நானும் உட்கார்ந்திருந்தேன். அவன் பக்கம் நான் ஒரு வார்த்தை பேசல. இத எழுதும்போதும் கஷ்டமாத்தான் இருக்கு.

அவனுக்கு காது இருந்துச்சு, அறிவு இருந்துச்சு, அக்கறையும் இருந்துச்சு, இல்லன்னா முதல் தடவை நிறுத்தியிருக்கவே மாட்டான். அந்த அக்கறைக்கு நாங்க ஒரு சிவப்புக் கோடு போட்டோம். ரெண்டாவது தடவை அவன் பாடத்த சரியா கத்துக்கிட்டான். இத போய் அலட்சியம்னு எழுதுனா எப்படி சார்?

இன்னொண்ணும் சொல்லணும், சும்மா பார்த்துக்கிட்டே இருக்கறதுங்கறது சுலபமான வேலைன்னு நினைக்கறவங்க ஒரு ஷிஃப்ட் வந்து நின்னு பார்க்கணும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டன் விமானப்படையில ரேடார் திரைய பார்க்கறவங்க நேரம் ஆக ஆக எதிரிய கவனிக்காம விடறாங்கன்னு தெரிஞ்சு, நார்மன் மேக்வொர்த்ங்கற உளவியல்காரர் ஒரு சோதனை பண்ணாரு. கடிகாரம் மாதிரி ஒரு முள், ஒவ்வொரு துடிப்பா நகரும், எப்பவாவது ஒரு தடவை ரெண்டு அடியா குதிக்கும், அப்ப சொல்லணும், ரெண்டு மணி நேரம் இதேதான். முதல் அரை மணி நேரத்துலயே கண்டுபிடிக்கற அளவு நல்லா குறைஞ்சுடுச்சு. 1948-ல அவர் அத வெளியிட்டாரு. அதாவது ஒண்ணுமே நடக்காத ஒரு திரைய கவனமா பார்த்துக்கிட்டே இருக்கற மாதிரி மனுஷன் மூளை அமையல. இது தெரிஞ்சு 75 வருஷத்துக்கு மேல ஆகுது, இன்னமும் ஆளுங்கள எட்டு மணி நேரம் ஸ்கிரீன் முன்னாடி உட்கார வச்சுட்டு, கவனிக்கலன்னு மெமோ குடுக்கறோம்.

லிசான் பெய்ன்பிரிட்ஜ்ங்கற ஆராய்ச்சியாளர் 1983-லயே ஒரு கட்டுரையில இதோட அடுத்த பக்கத்தையும் எழுதிட்டாங்க. சுலபமான வேலைய எல்லாம் மிஷின்கிட்ட குடுத்துட்டு, மிஷினால முடியாத கஷ்டமான நேரத்துக்கு மட்டும் மனுஷன வச்சுக்கறோம், ஆனா அந்த நேரத்துக்கு தேவையான கைப்பழக்கம் தினம் செஞ்சாத்தானே இருக்கும், தினம் செய்யறதத்தான் பிடுங்கிட்டோமே, இதுதான் அவங்க சொன்னதோட சாரம். 2009 ஜூன் 1-ம் தேதி ரியோவுல இருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 விமானம் கடல்ல விழுந்து 228 பேரும் செத்துப்போனது ஞாபகம் இருக்கலாம். வேகம் அளக்கற குழாய்ல பனி அடைச்சு ஆட்டோபைலட் தானா விலகிக்கிச்சு, திடீர்னு விமானம் பைலட்டுங்க கையில, ஆனா என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு பிடிபடறதுக்குள்ள நாலரை நிமிஷம் கூட ஆகல, எல்லாம் முடிஞ்சுபோச்சு. அவ்வளவு உயரத்துல கையால ஓட்டுற பயிற்சி பைலட்டுங்களுக்கு வேணும்னு விசாரணை அறிக்கை சொல்லுச்சு. பெரிய பயிற்சி எடுத்த பைலட்டுங்களுக்கே இந்த நிலைமைன்னா, பட்டன் அமுக்க மட்டும் பழக்கி வச்ச ஒரு பையன்கிட்ட நாம என்னத்த எதிர்பார்க்கறோம்?

ஃபேக்டரி மட்டும்னு இல்ல. என் வீட்டுக்காரம்மா ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல க்ளெய்ம் செக்‌ஷன்ல இருக்காங்க, அவங்க வாழ்க்கையில ரெண்டு ஆட்டோமேஷன் வந்துச்சு. முதல்ல வந்தது கூட்டல் கழித்தல், லெட்ஜர் எழுதறது, ஒரே லெட்டர நூறு பேருக்கு டைப் பண்றது, இதெல்லாத்தையும் கம்ப்யூட்டர் எடுத்துக்கிச்சு. அவங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. சிக்கலான ஃபைல்கள உட்கார்ந்து படிக்க நேரம் கிடைச்சுது, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கேப்பாங்க, பேப்பர் பத்தாதவங்களுக்கு இத கொண்டு வாங்க, அத கொண்டு வாங்கன்னு வழி சொல்லுவாங்க. வீட்டுக்கு வந்தா இன்னைக்கு ஒரு அம்மாவுக்கு பணம் கிடைக்க வச்சேன்னு சொல்லும்போது முகத்துல ஒரு வெளிச்சம் இருக்கும்.

ரெண்டாவதா வந்தது முடிவையே எடுக்கற சாஃப்ட்வேர். ஃபைல் போன உடனே ஒரு மார்க் போடும், அந்த மார்க்குக்கு கீழ இருந்தா ரிஜெக்ட். ஏன்னு அதுவும் சொல்லாது, அவங்களுக்கும் தெரியாது. மாத்தணும்னா மேல எழுதிக் கேக்கணும், அடிக்கடி கேட்டா உங்க செக்‌ஷன்ல ஏன் இவ்வளவு விதிவிலக்குன்னு திருப்பிக் கேப்பாங்க. இப்ப கவுன்ட்டர்ல ஆள் வந்து அழுதா, "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது"ன்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்பிடறாங்க. ஒரு நாள் ராத்திரி என்கிட்ட சொன்னாங்க, "முடிவு எங்கயோ நடக்குதுங்க, திட்டு வாங்க மட்டும்தான் நான்." ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே சம்பளம். முதல் மிஷின் வந்தப்ப வேலை மேல ஆசை கூடுச்சு, ரெண்டாவது வந்தப்ப செத்துப்போச்சு. அப்ப கோளாறு எங்க இருக்கு? முதல் மிஷின் அவங்க கையில இருந்த சுமைய எடுத்துக்கிச்சு, ரெண்டாவது அவங்க கையில இருந்த முடிவ எடுத்துக்கிச்சு. ஆனா பொறுப்ப மட்டும் அவங்க தலையிலயே விட்டுட்டு போயிடுச்சு.

சிஸ்டம் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு பிரிட்டன் தபால் துறையில நடந்தது ஒண்ணு போதும். 1999-ல இருந்து ஹொரைசன்னு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் வச்சாங்க, அதுல இருந்த பிழையால கணக்குல பணம் குறையற மாதிரி காட்டுச்சு. கிளை தபால் நிலையம் நடத்துன 900-க்கும் மேலானவங்களுக்கு திருட்டு, பொய்க்கணக்குன்னு கோர்ட்ல தண்டனை ஆச்சு, சில பேர் ஜெயிலுக்கே போனாங்க. நான் எடுக்கல, மிஷின்தான் தப்பு காட்டுதுன்னு வருஷக்கணக்கா கத்துனாங்க, கேக்க ஆள் இல்ல. 2024-லதான் ஒரு சட்டமே போட்டு அந்தத் தண்டனைகள்ல பெரும்பாலானத ரத்து பண்ணாங்க. மனுஷன் வாய்ச்சொல்ல விட ஸ்கிரீனுக்கு மதிப்பு அதிகம்னு ஒரு இடத்துல முடிவாயிட்டா, அங்க வேலை செய்யறவங்க மனசு என்னவா மாறும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. நேர்மையா இருந்து என்ன பிரயோஜனம்ங்கற எண்ணம் வராம இருக்குமா?

அதுக்காக மிஷினே வேண்டாம்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. வேற மாதிரியும் மிஷின் வைக்கலாம். ஜப்பான்ல சகிச்சி டொயோடான்னு ஒருத்தர் தறி செஞ்சாரு, நூல் அறுந்தா தறி தானா நின்னுடும், தப்பான துணிய நெய்துக்கிட்டே போகாது. அவர் குடும்பத்துல இருந்துதான் பின்னாடி டொயோட்டா கார் கம்பெனி வந்துச்சு. அந்தத் தறியில இருந்த யோசனையவே அங்க மனுஷனுக்கும் குடுத்தாங்க, லைன் பக்கத்துல ஒரு கயிறு தொங்கும், எந்தத் தொழிலாளிக்கு சந்தேகம் வந்தாலும் இழுக்கலாம், உடனே லீடர் ஓடி வருவாரு, சரியாகலன்னா லைனே நிக்கும். இழுத்தவன ஏன் இழுத்தேன்னு மிரட்டறதுக்கு இல்ல அந்தக் கயிறு. அங்கயும் வேலை கடுமைதான், சொர்க்கம்னு சொல்ல வரல. ஆனா ரோபோ எவ்வளவு வந்தாலும் அந்தக் கயிறு தொழிலாளி கைக்கு எட்டுற தூரத்துல இருக்கற வரைக்கும் அவன் கண்ணும் காதும் வேலை செய்யும், ஏன்னா அதுக்கு ஒரு பலன் இருக்கு.

அறுநூறு பீஸ் திரும்பி வந்தப்புறம் நான் மேனேஜ்மென்ட்கிட்ட போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வாய மூடிக்கிட்டு இருக்கல. ரெண்டே ரெண்டு விஷயம் கேட்டேன். ஆபரேட்டருக்கு சந்தேகம் வந்து நிறுத்துனா 10 நிமிஷம் வரைக்கும் அவன் பேர்ல ஏறக்கூடாது, செக்‌ஷன் கணக்குல போகட்டும். அப்புறம் அந்த சாவி, முழுசா வேண்டாம், 0.02 மில்லிமீட்டர் வரைக்கும் ஆஃப்செட் மாத்தற உரிமைய மட்டும் ஆபரேட்டருக்கு திருப்பிக் குடுங்க, மாத்தறத ஒரு நோட்டுல எழுதி வைக்கட்டும். முதலாவதுக்கு நாலு மீட்டிங் ஆச்சு, ஒத்துக்கிட்டாங்க. ரெண்டாவது இன்னும் பேச்சுலதான் இருக்கு, நான் விடறதா இல்ல.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இந்த விஷயத்த எழுதும்போது சாஃப்ட்வேர் விக்கறவங்ககிட்டயும் முதலாளிங்ககிட்டயும் மட்டும் கேக்காதீங்க, மிஷின் முன்னாடி நிக்கறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இது தப்பா போகுதுன்னு உனக்கு தோணுனா நிறுத்த உனக்கு அனுமதி இருக்கான்னு. அவங்க சொல்ற பதில அப்படியே போடுங்க.

அந்தப் பையன் இப்பவும் அதே மிஷின்லதான் இருக்கான். புது முறை வந்து மூணு வாரம் வரைக்கும் அவன் நிறுத்தவே இல்ல, நம்பிக்கை வரல போல. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஷிஃப்ட்ல மிஷின நிறுத்தற ஃபீட் ஹோல்ட் பட்டன அமுக்கிட்டு என்னை கூப்பிட்டான், சத்தம் வித்தியாசமா இருக்கு அண்ணேன்னான். ரெண்டு பேரும் டார்ச் அடிச்சு பார்த்தோம், இன்சர்ட கழட்டி பார்த்தோம், கூலன்ட் பைப்பு லேசா தளர்ந்து கதவுல தட்டிக்கிட்டு இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. ஏழு நிமிஷம் போச்சு. மிஷின் நிறுத்துனத எழுதற நோட்டுல காரணம்ங்கற இடத்துல என்ன எழுதறதுன்னு கேட்டான், நடந்தத எழுதுன்னேன். "சத்தம் கேட்டுச்சு, நிறுத்துனேன், பைப்ப முடுக்கிட்டேன்"னு எழுதி கையெழுத்து போட்டுட்டு, மிஷின திரும்ப ஓட்டற சைக்கிள் ஸ்டார்ட் பட்டன அமுக்கிட்டு, தள்ளி வந்து நிக்காம மிஷின் பக்கத்துலயே நின்னான்.

இப்படிக்கு,
மெஷின் ஷாப் சூப்பர்வைசர், உங்கள் நீண்ட நாள் வாசகர்